கடற்கன்னி விடுதியில் ஓர் இரவு தங்கலாமா?

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரம், கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தில் ரை என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ‘மெர்மெய்ட் இன்’, அதாவது கடற்கன்னி விடுதி, பேய் உலவும் இடமென்று நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. சென்ற இதழில் அந்த விடுதியின் படத்தை வெளியிட்டதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறோம்.

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு லண்டனில் இருக்கிறான். வரும் அக்டோபரில் நான் அங்கே போகும்போது, ரை விடுதியில் ஓர் இரவு தங்கியே ஆகவேண்டும் என்று பேத்தி அடம்பிடிக்கிறாள். அங்கே பேய் இருக்கிறதென்று படித்தது முதல் எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படி அந்த வீட்டில் என்னதான் நடந்தது? போகலாமா, வேண்டாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. பேத்திக்காக மட்டுமல்லாமல் உங்களுக்காகவும் போய்வாருங்கள். அறுநூறு ஆண்டுகளாக நிற்கும் ஒரு மரச்சட்டக் கட்டடத்துக்குள் படுத்துறங்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

விடுதியின் நிலவறைகள் 1156ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று சொல்லப்படுகிறது. 1377ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை கடல்வழியாக வந்து ரை நகரத்தைச் சூறையாடித் தீயிட்டது. தேவாலய மணிகளைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. மறு ஆண்டே ரை நகரத்தாரும் அடுத்த ஊரான வின்செல்சீயின் ஆட்களும் நார்மண்டிக் கரைக்குப் படகேறிச் சென்று, அங்கே தீ வைத்துவிட்டு, தங்கள் மணிகளை மீட்டுக்கொண்டு திரும்பினார்கள். பிரெஞ்சுப் படை ரை நகரத்தில் வைத்த தீயில் அழிந்த பழைய விடுதி இருந்த இடத்தில், எஞ்சிய நிலவறைகளின் மேல் 1420ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டதுதான் இன்று நிற்கும் கட்டடத்தின் அடிப்படை. அன்று ரை ஒரு துறைமுகம். பிறகு ஆற்று வண்டல் படிந்து கடல் விலகிப்போக, ஊர் உள்நாட்டில் மேட்டின்மேல் தனித்து நின்றுவிட்டது. வணிகம் குறைந்ததால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வசதி ஊராருக்கு இல்லாமற்போனது, நமக்கு வாய்த்த நற்பேறு என்றுதான் சொல்லவேண்டும்.

இனி, உங்களை அச்சுறுத்தும் கதைகளுக்கு வருகிறேன். முதல் எண் அறையில் வெளிறிய ஆடையணிந்த பெண் ஒருத்தி கணப்படுப்பின் அருகே நாற்காலியில் வந்து அமர்வதாகவும், அந்த நாற்காலியில் போட்டுவைத்த துணிகள் காலையில் ஈரமாக இருந்ததாகவும் சொல்கிறார்கள். ஐந்தாம் அறையில் வெள்ளுடைப் பெண்ணொருத்தி கட்டிலின் கால்மாட்டில் சற்று நின்றுவிட்டு நடந்து மறைவாளாம். பதினாறாம் அறையில் பழங்கால உடையில் இருவர் வாட்போர் புரிய, அதில் வீழ்ந்தவனின் உடலை மற்றவன் இழுத்துச் சென்று தளத்திலுள்ள ஒரு கதவு வழியாகக் கீழேயுள்ள இருட்டறைக்குள் தள்ளுவதாகக் கதை. பதினேழாம் அறையில் இருந்த ஆடுநாற்காலி ஆளில்லாமலே ஆடியது என்பது இன்னொன்று.

இவற்றில் ஒன்றுகூடத் தங்கியவருக்குத் தீங்கு நேர்ந்ததைச் சொல்லும் கதையில்லை என்பதைக் கவனியுங்கள். வருகிறார்கள், நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. நம் ஊர்ப் புளியமரத்துக் கதைகளில்கூட இன்னாருடைய மகள், இன்ன ஆண்டுப் பஞ்சத்தில் இறந்தவள் என்று ஏதேனும் ஓர் அடையாளம் இருக்கும். கடற்கன்னி விடுதியின் ஆவிகள் அந்த அடையாளமும் இல்லாதவர்கள். பெயரும் ஆண்டும் உள்ளவர்களைப் பற்றி அடுத்த பதிலில் எழுதுகிறேன். அவர்கள் கதை இதைவிட அச்சம் தருவது.

கேள்வி: நான் சுங்கத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அந்த விடுதி ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் என்ற கடத்தல்காரர்களின் கூடாரமாக இருந்தது என்று படக்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அவர்கள் யார்? எதைக் கடத்தினார்கள்? இதற்கு வரலாற்றுச் சான்று உண்டா, அல்லது இதுவும் பேய்க்கதைதானா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இது பேய்க்கதை அல்ல, ஐயா. நீதிமன்றப் பதிவுகளும் தண்டனைப் பதிவுகளும் உள்ள வரலாறு. உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் இதில் உயிரிழந்திருக்கிறார் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரை நகருக்கு வடக்கே, கென்ட் மாவட்டத்தில் உள்ள கிராமம் ஹாக்ஹர்ஸ்ட். 1730களிலும் 1740களிலும் அந்தப் பெயர் கொண்ட கும்பல், கென்ட் தொடங்கி மேற்கே டோர்செட் வரையிலான கடற்கரையைத் தன் பிடியில் வைத்திருந்தது. அவர்கள் கடத்திய பண்டங்களில் முதன்மையானது தேயிலை. பிராந்தி, ரம், பட்டு, சரிகைப் பின்னல் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். நீலகிரியில் தேயிலை பயிராகாத காலம் அது. ஐரோப்பாவுக்கு வந்த தேயிலை முழுவதும் சீனத் தேயிலை. இங்கிலாந்தில் அதன்மீது விதிக்கப்பட்ட வரி மிகக் கடுமையாக இருந்ததால், எதிர்க்கரையில் மலிவாக வாங்கிய தேயிலையை இருட்டில் இறக்கி விற்பவனுக்குக் கொள்ளை இலாபம் கிடைத்தது. மூட்டை சுமந்த கூலியாள் ஒரு வாரம் வயலில் உழைத்துப் பெறும் பணத்தை ஒரே இரவில் ஈட்டினான். ஆகவே ஊர் முழுவதும் ஏதோ ஒரு வகையில் உடந்தையாக இருந்தது. விருப்பத்தோடு உடந்தையானவர்கள் பாதி, அச்சத்தால் வாய்மூடியவர்கள் பாதி.

கடற்கன்னி விடுதி அந்தக் கும்பல் கூடிக் குடித்த இடங்களுள் ஒன்று. குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கிகளை மேசைமேல் எல்லோர் கண்ணுக்கும் படும்படி வைத்துக்கொண்டு அவர்கள் குடித்துக் களித்ததையும், நகர நிர்வாகத்தார் எவரும் குறுக்கே வரத் துணியாததையும் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அங்கிருந்து ‘தி மின்ட்’ தெருவிலுள்ள ‘ஓல்ட் பெல்’ என்னும் இன்னொரு விடுதிக்குச் சுரங்கவழி இருந்ததென்பது ஊர்வழக்கு.

1747 ஏப்ரலில் கென்ட் மாவட்டத்தின் கௌட்ஹர்ஸ்ட் என்னும் கிராமம் இந்தக் கும்பலை எதிர்த்தது. முன்னாள் படைவீரர் வில்லியம் ஸ்டர்ட் ஊராரைத் திரட்டிக் காவற்படை அமைத்தார். கும்பலின் தலைவர்களுள் ஒருவனான தாமஸ் கிங்ஸ்மில், ஊரையே கொளுத்துவேன் என்று நாள் குறித்து மிரட்டினான்; சொன்னபடி வந்தும் விட்டான். தேவாலயத்தைச் சுற்றி நடந்த சண்டையில் அவனுடைய உறவினன் ஜார்ஜ் கிங்ஸ்மில் உள்ளிட்ட கடத்தல்காரர்கள் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள், மற்றவர்கள் ஓடினார்கள்.

அடங்கினார்களா என்றால், இல்லை. அதே ஆண்டு, ‘த்ரீ பிரதர்ஸ்’ என்ற படகில் வந்த அவர்களுடைய தேயிலையைச் சுங்கக் கப்பல் ஒன்று கைப்பற்றி, பூல் துறைமுகத்தின் சுங்கக் கிடங்கில் வைத்தது. அக்டோபர் மாதத்தில் ஓர் இரவு கும்பல் ஆயுதங்களோடு வந்து, அரசுக் கிடங்கின் கதவை உடைத்து, ஏறத்தாழ இரண்டு டன் தேயிலையைக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் ஊர் ஊராக அணிவகுத்துத் திரும்பியது. வழியில் ஃபோர்டிங்பிரிட்ஜ் என்னும் ஊரில் வேடிக்கை பார்த்து நின்ற டேனியல் சேட்டர் என்ற செருப்புத் தைப்பவர், கும்பலில் ஒருவனை முன்பே அறிந்தவர். அவன் அவருக்கு ஒரு சிறு பை தேயிலையை வீசிவிட்டுப் போனான். அந்தச் செய்தி மெல்லப் பரவி, அதிகாரிகளின் காதுக்கு எட்டியது.

1748 பிப்ரவரியில், நீதிபதி ஒருவர் முன் சாட்சி சொல்ல சேட்டரை அழைத்துச் செல்லும் பணி, வில்லியம் கேலி என்னும் வயது முதிர்ந்த சுங்கப் பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ரோலண்ட்ஸ் காசில் என்னும் ஊரில் இருவரும் ஒரு விடுதியில் இளைப்பாற நின்றார்கள். விடுதியை நடத்திய விதவைப் பெண் ஐயங்கொண்டு கடத்தல்காரர்களுக்குச் சொல்லியனுப்பினாள். வந்தவர்கள் இருவருக்கும் அளவு மீறிக் குடிக்கக் கொடுத்து, மயங்கியபின் குதிரையில் கட்டி, வழிநெடுகச் சவுக்கால் அடித்துக் கொண்டுபோனார்கள். கேலியைக் குழியில் புதைத்தார்கள். புதைக்கும்போது அவருக்கு உயிர் இருந்திருக்கவேண்டும் என்று பின்னர் கருதப்பட்டது. சேட்டரைச் சில நாள் கட்டிவைத்து வதைத்து, ஒரு கிணற்றில் தள்ளி, மேலே கல்லைப் போட்டுக் கொன்றார்கள். 1749 ஜனவரியில் சிச்செஸ்டர் நகரில் தனி நீதிமன்றம் கூடி ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஒருவன் சிறையிலேயே இறந்துபோக, ஆறு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பூல் கொள்ளைக்காகத் தாமஸ் கிங்ஸ்மில் அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனின் டைபர்ன் தூக்குமேடையில் உயிர்விட்டான்.

கும்பலின் தலைகள் வீழ்ந்த பிறகும் தேயிலைக் கடத்தல் நிற்கவில்லை. 1784ஆம் ஆண்டு 119 விழுக்காடாக இருந்த தேயிலை வரியைப் பன்னிரண்டரை விழுக்காடாகக் குறைக்கும் சட்டம் வந்த பிறகே அந்தத் தொழில் படுத்தது. துப்பாக்கியும் தூக்குக்கயிறும் செய்யாததை வரிக்குறைப்பு செய்தது என்பதை உங்கள் துறையினர் நன்கு உணர்வீர்கள்.

கேள்வி: அங்கே தங்கியவர்கள் அறை திடீரென்று குளிர்ந்ததாகவும், யாரோ நெஞ்சின்மேல் அமர்ந்ததுபோல் உணர்ந்ததாகவும் சொல்கிறார்களே, எல்லோருமா பொய் சொல்வார்கள்? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. உணர்ந்ததைத்தான் சொல்கிறார்கள், அதற்குக் காரணம் இறந்தவர்கள்தானா என்பதுதான் கேள்வி.

நெஞ்சின்மேல் பாரம் அழுத்துவதும், கண் விழித்திருந்தும் கைகால் அசையாமல் கிடப்பதும் உறக்கத்தில் ஏற்படும் தற்காலிக முடக்கம். கனவு காணும் கட்டத்தில் உடல் அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தப் பூட்டு விலகுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால், கனவின் காட்சியும் அறையின் காட்சியும் கலந்து தெரிகின்றன. நம் வீடுகளில் இதை ‘அமுக்குவான் பேய்’ என்பார்கள். புதிய இடம், பயணக் களைப்பு, மல்லாந்து படுத்தல், குறைந்த உறக்கம் ஆகியவை இதைத் தூண்டுபவை. விடுதியில் தங்கும் பயணிக்கு இவை நான்கும் ஒருசேர வாய்க்கின்றன.

குளிரைப் பொறுத்தவரை, ரிச்சர்ட் வைஸ்மன் என்ற பிரித்தானிய உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் எடின்பரோ நகரத்து நிலவறைகளிலும் செய்த ஆய்வு 2003ஆம் ஆண்டில் வெளியானது. பார்வையாளர்கள் விந்தையாக எதையோ உணர்ந்ததாகச் சொன்ன இடங்கள், வெளிச்சம், காந்தப்புலம், அறையின் அளவு போன்றவற்றின் வேறுபாட்டோடு ஒத்துப்போனதை அவர்கள் கண்டார்கள். மனிதர்கள் சூழலுக்கேற்ப உணர்கிறார்கள் என்பதே அதன் பொருள். மெர்மெய்ட் போன்ற கட்டடத்தில் சட்டங்கள் ஓக் மரம், சுவர்கள் பூச்சு, கணப்படுப்புகள் அகலமானவை. பகலில் சூடேறிய மரம் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது காலடி ஓசை போன்ற முறிவொலி எழும். புகைபோக்கி வழியே இறங்கும் குளிர்காற்று, கணப்படுப்பின் அருகே நாற்காலியில் அமர்ந்திருப்பவரைத்தான் முதலில் தொடும். ஆவியும் அதே நாற்காலியில்தான் அமர்கிறதென்பதை நினைத்துப்பாருங்கள்.

அறிவியல் விளக்கம் என்ற பெயரில் எதையும் எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கும் ஒரு நிகழ்வு உண்டு. 1921ஆம் ஆண்டு அமெரிக்கக் கண் மருத்துவ இதழொன்றில் வில்மர் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தைப் பதிவு செய்தார். புதிதாகக் குடியேறிய வீட்டில் காலடி ஓசை கேட்டது, உருவங்கள் தோன்றின, குழந்தைகள் வெளிறிச் சோர்ந்தார்கள், செடிகள்கூட வாடின. கடைசியில் வீட்டைச் சூடேற்றும் பழுதான உலையிலிருந்து நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அறைகளுக்குள் கசிவது தெரியவந்தது. பேய் என்று அஞ்சியதும் தவறு. ஒன்றுமில்லை என்று அவர்களைச் சிரித்து அனுப்பியிருந்தால் அது அதைவிடப் பெரிய தவறாகியிருக்கும். ஆகவே தங்கும் அறையில் கணப்போ எரிவாயு உலையோ இருந்து, தலைவலியும் மயக்கமும் வந்தால், உடனே சன்னலைத் திறந்து வெளியே வரவேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: இறந்தவர்களைக் காட்டிப் பணம் பண்ணுவது முறையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: எல்லாக் கதைகளையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. பெயரற்ற வாள்வீரர்களின் கதையால் எவருடைய துயரமும் இழிவுபடுவதில்லை. ஆனால் ரை நகரத்திலேயே இன்னொரு பொருள் இருக்கிறது. 1743ஆம் ஆண்டு ஜான் பிரெட்ஸ் என்ற கசாப்புக்காரர், தமக்கு அபராதம் விதித்த நகரத் தலைவர் ஜேம்ஸ் லாம்பைக் கொல்லத் தேவாலய முற்றத்தில் இருட்டில் பதுங்கியிருந்தார். அன்றிரவு லாம்பின் மேலங்கியை அணிந்து சென்றவர் அவருடைய மைத்துனர் ஆலன் கிரெபெல். குத்துப்பட்டு இறந்தவர் அவர்தான். பிரெட்ஸும் ‘ஃப்ளஷிங் இன்’ என்ற விடுதியை நடத்தியவரே. கொல்லப்பட இருந்த லாம்பே நீதி ஆசனத்தில் அமர்ந்து அவருக்கு மரண தண்டனை விதித்தார் என்பது இன்று படிக்கும்போதும் நெருடுகிறது. தூக்கிலிட்ட உடலை இரும்புக்கூட்டில் அடைத்துச் சதுப்புநிலத்தில் தொங்கவிட்டார்கள். எலும்புகளை மூட்டுவலிக்கு மருந்தென்று ஊரார் ஒவ்வொன்றாக எடுத்துப்போக, மண்டையோட்டின் பகுதியும் அந்த இரும்புக்கூடும் நகர மன்றக் கட்டடத்தில் எஞ்சியிருக்கின்றன. ஒரு மனிதனின் மண்டையோட்டைக் காட்சிப்பொருளாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு ஒரு கல்லறை வழங்குவதே முறை.

விடுதியைப் பற்றியும் எனக்கு ஒரு குறை உண்டு. வெள்ளுடைப் பெண்களைப் பற்றி ஆர்வத்தோடு சொல்லும் வழிகாட்டிகள், கேலியையும் சேட்டரையும் ஓரிரு வரியில் கடந்துபோகிறார்கள். கடத்தல்காரர்களை வீரர்களாக்கி, அறைகளுக்கு அவர்கள் பெயரைச் சூட்டி மகிழும் வழக்கம் அந்தக் கரையெங்கும் உள்ளது. தம் கடமையைச் செய்யப் போன ஒரு முதியவரும், கண்டதைச் சொல்ல ஒப்புக்கொண்ட ஒரு செருப்புத் தொழிலாளியும் எந்த அறையிலும் உலவவில்லை. ஐந்தாம் அறைப் பெண், கும்பலின் இரகசியம் அறிந்ததால் கொல்லப்பட்ட பணிப்பெண் என்று சிலர் சொல்வதுண்டு. அது நடந்ததோ இல்லையோ, சாட்சிகளுக்கு அன்று என்ன நேர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லும் ஒரே ஆவிக்கதை அதுதான் என்பதால், எனக்கு அது மட்டும் மதிப்புடையதாகத் தோன்றுகிறது.

கேள்வி: ஒருநாள் போய்வர வழியுண்டா? முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஏற்ற இடமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உண்டு. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஆஷ்ஃபோர்ட் சென்று, அங்கே ஹேஸ்டிங்ஸ் வழியில் செல்லும் ரயிலுக்கு மாறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் பயணத்தில் ரை வந்துவிடும். நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில்தான் மெர்மெய்ட் தெரு. ஆனால் அது செங்குத்தான ஏற்றம், உருண்டைக் கற்கள் பாவியது. மழை பெய்தால் வழுக்கும். முதியவர்கள் பிடிப்புள்ள காலணி அணிந்து, மேலிருந்து தேவாலயப் பக்கமாக வருவது நல்லது. விடுதிக்குள்ளும் படிகள் குறுகலானவை, தளங்கள் சாய்ந்தவை, உத்தரங்கள் தாழ்வானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் அறை பதிவு செய்யும்போதே கீழ்த்தளத்துக்கு அருகிலான அறையைக் கேட்டுப்பெற வேண்டும். சைவ உணவு வேண்டுவோரும் அப்போதே சொல்லிவிடலாம்.

தங்காமலும் பார்க்கலாம். பெரிய கணப்படுப்பு உள்ள மதுக்கூடத்தில் வெளியாரும் அமர்ந்து தேநீரோ உணவோ பெறலாம். பகல் வெளிச்சத்தில் அந்த ஓக் உத்தரங்களைப் பார்ப்பதற்கு அதுவே நல்ல இடம். அங்கிருந்து ஈப்ர கோபுரத்துக்கும் நடந்து செல்லுங்கள். நெடுங்காலம் சிறையாக இருந்து இப்போது அருங்காட்சியகமாக உள்ள அந்தக் கற்கோபுரத்தில்தான் பிரெட்ஸ் அடைக்கப்பட்டிருந்தார். கடல் விலகிப்போன சதுப்புநிலத்தை அங்கிருந்து முழுமையாகக் காணலாம்.

சிறுவர்களை அழைத்துச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். படுக்கும் நேரத்தில் அறையின் கதையைச் சொல்லாதீர்கள். பகலிலேயே, தெருவில் நடக்கும்போதே, தேயிலைக்கு ஏன் வரி விதித்தார்கள், ஊர் ஏன் வாய்மூடி இருந்தது, கௌட்ஹர்ஸ்ட் ஊரார் எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பவற்றைச் சொல்லிவிடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். கும்பகோணத்து வாசகியின் பேத்தி அப்படியும் பதினாறாம் அறைதான் வேண்டும் என்றால், முன்பதிவை இப்போதே செய்துவிடுவது நல்லது. அக்டோபர் இறுதியில் ஹாலோவீன் வருவதால் பேய்க்கதை உள்ள அறைகளைத்தான் பலரும் முதலில் கேட்பார்கள்.